எக்கோ அறிக்கையில் இரண்டு வரிகள்: இதயம் சுருங்குவதும், விரிந்து நிரம்புவதும்

நம் அறக்கட்டளைக்கு மருத்துவ உதவி கேட்டு வரும் மனுக்களோடு இதய எக்கோ அறிக்கைகளும் இணைந்து வருகின்றன. அவற்றில் இரண்டு வரிகள் நம் குடும்பங்களை மிகவும் குழப்புகின்றன. ஒன்று, "ஈ.எஃப். 60 சதவீதம், நார்மல்" என்ற வரி. மற்றொன்று, "கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்" என்ற வரி.

முதல் வரியை மட்டும் பார்த்தவர்கள், "ஹார்ட்டில் ஒன்றுமில்லை, எல்லாம் கேஸ்தான்" என்று அறிக்கையைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும் நன்னிக்கு மேற்கொண்டு எந்தச் சிகிச்சையும் நடப்பதில்லை. இரண்டாவது வரியை மட்டும் பார்த்தவர்களோ, "அத்தாவுக்கு இதயம் கெட்டுவிட்டது" என்று தூக்கம் இழந்து, கடன் வாங்கி, ஊர் ஊராகப் போய் ஒரே பரிசோதனையைத் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள். இரண்டும் சரியல்ல. இவ்விரு வரிகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நோயாளியின் உடல்நிலையோடு பொருத்திப் படிக்க வேண்டும். அதற்கு உதவவே இந்தக் கட்டுரை. வைத்தியம் சொல்வது இதன் நோக்கமல்ல. மருத்துவரிடம் சரியான கேள்வியைக் கேட்கத் தெரிந்தால் போதும்.

இதயத்தின் வேலையில் இரண்டு பாதி

இதயம் என்றால் "பம்ப்" என்றுதான் சொல்கிறோம். பம்ப் என்றதும் அது அழுத்தித் தள்ளுவதை மட்டும் நினைக்கிறோம். ஆனால் கொல்லன் பட்டறைத் துருத்தியைப் பாருங்கள். முதலில் விரிந்து காற்றை உள்ளே இழுத்தால்தான் அடுத்து அமுக்கும்போது காற்று வெளியே வரும். விரியாத துருத்தியை எவ்வளவு பலமாக அமுக்கினாலும் பயனில்லை.

இதயமும் அப்படித்தான். நிமிடத்துக்கு 70 முறை துடிக்கும் இதயத்துக்கு ஒரு துடிப்பு முடிய ஒரு நொடிகூட ஆவதில்லை. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நேரம் சுருங்குகிறது. மீதி நேரம் தளர்ந்து, விரிந்து, ரத்தத்தை வாங்கி நிரம்புகிறது. சுருங்குவதை சிஸ்டோல் என்றும், தளர்ந்து நிரம்புவதை டயஸ்டோல் என்றும் மருத்துவர்கள் சொல்வார்கள்.

ஈ.எஃப். என்பது முதல் பாதியின் கணக்கு. நிரம்பியிருந்த ரத்தத்தில் எத்தனை சதவீதம் ஒரு சுருக்கத்தில் வெளியே போனது என்பதை அது காட்டும். 100 மில்லி நிரம்பி 60 மில்லி வெளியேறினால் ஈ.எஃப். 60. ஆனால் அறை விறைத்துப்போய் 70 மில்லிதான் நிரம்பியது, அதில் 42 மில்லி வெளியேறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் ஈ.எஃப். 60தான். சதவீதம் நன்றாக இருக்கிறது. உடலுக்குக் கிடைத்த ரத்தமோ குறைந்துவிட்டது. "ஈ.எஃப். நார்மல்" என்ற ஒரு வரியை வைத்து இதயத்தில் குறையே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது என்பது இதனால்தான்.

அறை ஏன் விறைக்கிறது?

வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் தோல் தொழிலில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பதமாக இருக்கும் தோல் இழுத்த பக்கம் வரும். பதம் தவறிய தோல் விறைத்துக்கொண்டு நிற்கும். இதயத் தசைக்கும் ஒரு பதம் உண்டு. பல ஆண்டுகள் கட்டுப்படாமல் இருக்கும் ரத்தக் கொதிப்பை எதிர்த்து அழுத்தி அழுத்தி இடது கீழறையின் சுவர் தடிக்கிறது. சர்க்கரை நோய், உடற்பருமன், சிறுநீரகக் கோளாறு, இதய ரத்தக்குழாய் அடைப்பு ஆகியவையும் தசையை விறைக்கச் செய்கின்றன. வயதாவதாலும் ஓரளவு விறைப்பு வரும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சுருங்கிய தசை தானாகத் தளர்ந்துவிடும் என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் தளர்வதற்கும் சக்தி வேண்டும். சுருங்கும்போது தசை அணுவுக்குள் பரவிய கால்சியத்தைத் திரும்ப உள்ளறைக்குள் சேர்த்தால்தான் தசை தளரும். அந்த வேலைக்குச் சக்தி செலவாகிறது. அதனால் பல நோய்களில் சுருங்கும் திறன் குறைவதற்கு முன்பே தளரும் திறன் குறைந்துவிடுகிறது.

கீழறை சரியாக விரியாதபோது, அதற்கு மேலுள்ள இடது மேலறையில் அழுத்தம் கூடுகிறது. மேலறைக்கு ரத்தம் நுரையீரலிலிருந்து வருகிறது. ஆகவே அந்த அழுத்தம் பின்னோக்கி நுரையீரலுக்குப் போய், அங்கே நீர் கோக்கிறது. மூச்சு வாங்குவது இதனால்தான். கோளாறு இதயத்தில் இருக்க, திணறுவது நுரையீரல்.

ஒலியால் அளக்கும் விதம்

எக்கோ என்பது கேளா ஒலிப் பரிசோதனை. மனிதக் காது நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும். எக்கோ கருவி நொடிக்கு 20 லட்சம் அதிர்வுகளுக்கும் மேலான ஒலியை மார்பின் வழியே அனுப்பி, இதயத்தில் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் படமாக்குகிறது. எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு இதில் இல்லை. 1953இல் சுவீடனின் லுண்ட் நகரில் இங்கே எட்லர் என்ற இதய மருத்துவரும், ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் இதயத்தின் அசைவை முதன்முதலில் இப்படிப் பதிவு செய்தார்கள். உலோகத்தில் விரிசல் இருக்கிறதா என்று தொழிற்சாலைகளில் சோதிக்கும் கருவியைத்தான் அவர்கள் இதயத்துக்குப் பயன்படுத்தினார்கள்.

படம் மட்டும் போதாது. ரத்தம் எவ்வளவு வேகமாக உள்ளே வருகிறது என்றும் தெரிய வேண்டும். அதற்கு உதவுவது டாப்ளர் விதி. மலைப்பாதையின் வளைவில் பஸ் நம்மை நோக்கி வரும்போது ஹாரன் சத்தம் கூர்மையாகவும், நம்மைத் தாண்டிப் போனதும் மந்தமாகவும் கேட்கும் அல்லவா? அந்த வித்தியாசத்தை அளந்தால் பஸ்ஸின் வேகத்தைச் சொல்லிவிடலாம். 1842இல் கிறிஸ்டியன் டாப்ளர் இந்த விதியை நட்சத்திரங்களின் ஒளியைப் பற்றி எழுதும்போதுதான் முன்வைத்தார்.

நம் ஜவ்வாது மலையிலேயே இந்த விதி தினமும் வேலை செய்கிறது. காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் 1986 முதல் இயங்கும் 2.3 மீட்டர் தொலைநோக்கியில் வரும் நட்சத்திர ஒளியைப் பிரித்துப் பார்த்து, அந்த நட்சத்திரம் நம்மை நோக்கி வருகிறதா, விலகுகிறதா, எவ்வளவு வேகம் என்று கணிக்கிறார்கள். எக்கோ அறையில் அதே விதியை ஒலிக்குப் பொருத்தி, இதயத்துக்குள் ஓடும் ரத்தத்தின் வேகத்தை அளக்கிறார்கள்.

ஈ அலை, ஏ அலை

மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே மைட்ரல் வால்வு என்ற கதவு இருக்கிறது. அது திறந்ததும், தளர்ந்து விரியும் கீழறை ரத்தத்தைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது. திரையில் எழும் இந்த முதல் அலைக்கு ஈ என்று பெயர். கடைசியில் மேலறை ஒருமுறை சுருங்கி மிச்ச ரத்தத்தைத் தள்ளிவிடும். அது ஏ அலை. நல்ல இளம் இதயத்தில் ஈ உயரமாகவும் ஏ சிறியதாகவும் இருக்கும். அதாவது பெரும்பகுதி ரத்தம் தானாகவே வந்து நிரம்பிவிடும்.

தளர்வது மெதுவானால் ஈ குறைகிறது. அதை ஈடுகட்ட மேலறை அதிகம் உழைப்பதால் ஏ உயர்கிறது. இது கிரேடு 1. இந்த நிலையில், ஓய்வாக இருக்கும்போது மேலறை அழுத்தம் பெரும்பாலும் கூடுவதில்லை.

நோய் முற்றினால் மேலறையில் அழுத்தம் ஏறி, அந்த அழுத்தமே ரத்தத்தை வேகமாகத் தள்ளும். அப்போது ஈ மறுபடி உயர்ந்து, பார்வைக்கு நார்மல் போலவே தெரியும். இது கிரேடு 2. போலி நார்மல் என்றே இதைச் சொல்வார்கள். இன்னும் முற்றினால் ஈ, ஏயைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலாகிவிடும். இது கிரேடு 3.

நார்மலும் போலி நார்மலும் ஒரே மாதிரி தெரிந்தால் எப்படிப் பிரிப்பது? சில இடங்களில் மூச்சைப் பிடித்து முக்கச் சொல்வார்கள். அப்போது இதயத்துக்கு வரும் ரத்தம் சற்றுக் குறைய, போலி வேடம் கலைந்துவிடும். இதைவிட உறுதியான வழி, ரத்தத்தின் வேகத்தோடு தசைச் சுவரின் வேகத்தையும் அளப்பது. வால்வு வழியே ரத்தம் பொதுவாக நொடிக்கு அரை மீட்டர், முக்கால் மீட்டர் வேகத்தில் பாய்கிறது. சுவரோ நொடிக்குப் பத்து செ.மீ. அளவில்தான் அசைகிறது. இதை டிஷ்யூ டாப்ளர் என்பார்கள். ரத்தம் வேகமாகவும் சுவர் மந்தமாகவும் இருந்தால், கீழறை உறிஞ்சவில்லை, மேலறை அழுத்தம்தான் தள்ளுகிறது என்று பொருள்.

நான்கு சாட்சிகள்

ஈ.எஃப். நார்மலாக இருப்பவர்களிடம் இந்தக் குறை உண்டா என்று அறிய, அமெரிக்க, ஐரோப்பிய எக்கோ சங்கங்கள் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல் நான்கு அளவுகளைப் பார்க்கச் சொன்னது.

1. சுவரின் வேகம்: நடுச்சுவரில் நொடிக்கு 7 செ.மீ.க்குக் கீழ், அல்லது பக்கச் சுவரில் 10 செ.மீ.க்குக் கீழ்.
2. ரத்த வேகத்தைச் சுவர் வேகத்தால் வகுத்த விகிதம்: சராசரி 14க்கு மேல்.
3. இடது மேலறையின் கொள்ளளவு: உடலின் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 34 மில்லிக்கு மேல்.
4. வலப்பக்கத்து டிரைகஸ்பிட் வால்வில் பின்னோக்கிக் கசியும் ரத்தத்தின் வேகம்: நொடிக்கு 2.8 மீட்டருக்கு மேல்.

பாதிக்கு மேல் தவறியிருந்தால் குறை உண்டு. பாதிக்குக் கீழ் என்றால் இல்லை. சரிபாதி என்றால் "தீர்மானிக்க முடியவில்லை" என்று எழுத வேண்டும். அப்படி எழுதியிருந்தால் டாக்டருக்குத் தெரியவில்லை என்று நினைக்காதீர்கள். அது நேர்மையான பதில். வழிகாட்டுதல்கள் காலத்துக்குக் காலம் திருத்தப்படுவதால், உங்கள் அறிக்கையில் அளவுகள் சற்று மாறியும் இருக்கலாம்.

இந்த நான்கில் மேலறையின் அளவைத் தனியாகக் கவனியுங்கள். சர்க்கரைக்கு மூன்று மாதச் சராசரிப் பரிசோதனை எப்படியோ, அப்படித்தான் இதுவும். அழுத்தம் ஒரு நாளில் ஏறி இறங்கலாம். மேலறை வீங்கியிருந்தால், அழுத்தம் நெடுநாளாகவே கூடியிருந்திருக்கலாம் என்பதற்கு அது அடையாளம்.

இதயத் துடிப்பு ஒழுங்கற்று இருப்பவர்கள், வாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள் ஆகியோருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அவர்களுக்கு வேறு அளவுகளும் பார்க்க வேண்டியிருக்கும்.

கிரேடு 1 என்றால் பயப்பட வேண்டுமா?

அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் ஈ குறைந்து ஏ உயர்வது மிகச் சாதாரணம். மூச்சுத்திணறல் இல்லை, கால் வீக்கம் இல்லை, மேலறை வீங்கவில்லை என்றால், கிரேடு 1 என்ற வரியை மட்டும் வைத்து அவரை இதய நோயாளி என்று சொல்ல முடியாது. அதற்கென்று தனி மாத்திரையும் கிடையாது. ஆஞ்சியோ எடுக்க வேண்டும் என்ற அவசியமும் அந்த ஒரு வரியால் வருவதில்லை.

ஆனால் நாற்பது, நாற்பத்தைந்து வயதில் அந்த வரி வந்தால் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும். கொதிப்பும் சர்க்கரையும் இதயத்தைத் தொடத் தொடங்கிவிட்டன என்ற தகவல் அதில் இருக்கலாம். அந்த வயதில் கொதிப்பைக் கட்டுக்குள் கொண்டுவந்தால், தடித்த சுவர் ஓரளவு மெலியவும் வாய்ப்புண்டு.

ஈ.எஃப். நார்மல், ஆனாலும் மூச்சு வாங்குகிறது

இதுதான் அதிகம் தவறவிடப்படும் நிலை. ஈ.எஃப். குறையாமலேயே இதயச் செயலிழப்பு வரும். செயலிழப்பு என்றால் இதயம் நின்றுவிட்டது என்று அர்த்தமல்ல. உடலின் தேவைக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை என்பதே பொருள். பக்கத்துக் கேரளத்தில், திருவனந்தபுரம் மாவட்டத்தின் 18 மருத்துவமனைகளில் 2013இல் இதயச் செயலிழப்புக்காகச் சேர்க்கப்பட்ட 1,205 பேரைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஈ.எஃப். குறையாத வகை. வயதான பெண்கள், கொதிப்பு, சர்க்கரை, பருமன் உள்ளவர்கள் ஆகியோரிடம் இந்த வகை அதிகம்.

வீட்டில் கவனிக்க வேண்டிய அறிகுறிகள் இவை: முன்பு சிரமமின்றி ஏறிய மேட்டில் இப்போது நின்று நின்று ஏறுவது, இரவில் தலையணையை உயர்த்திக்கொள்வது, தூக்கத்தில் மூச்சு முட்டி எழுந்து உட்காருவது, மாலையில் கணுக்கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுவது. குனிந்த அரை நிமிடத்துக்குள் மூச்சு வாங்குவதும் இதயச் செயலிழப்பின் ஓர் அறிகுறி என்று 2014இல் அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். தொழுகையில் ருகூவு, சுஜூது செய்யும்போது மூச்சு முட்டுவதால் நாற்காலிக்கு மாறிய பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். முட்டி வலிக்காக மாறியவர்கள் வேறு. மூச்சுக்காக மாறியவர்கள் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

மூச்சு வாங்குவதற்கெல்லாம் இதயமே காரணம் என்பதுமில்லை. ரத்தசோகை, ஆஸ்துமா, காசநோய், தைராய்டு, விறகடுப்புப் புகையால் வரும் நுரையீரல் நோய் ஆகியவையும் காரணமாகலாம். "வயசாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்பது மட்டும் பதிலாகாது. படுத்திருக்கும்போது எடுத்த எக்கோ தெளிவான விடை தராமல், ஏறும்போது மட்டும் மூச்சு வாங்குகிறது என்றால், உடற்பயிற்சி செய்யவைத்து எக்கோ எடுக்கும் முறையும் பெரிய மருத்துவமனைகளில் உண்டு.

செய்ய வேண்டியவை

கொதிப்பைக் கட்டுப்படுத்துவதே முதல் மருந்து. பலருக்கும் 130/80க்குக் கீழ் என்ற இலக்கை மருத்துவர்கள் வைக்கிறார்கள். தமிழ்நாடு அரசு 2021இல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. மலைக் கிராமங்களில் இருப்பவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

உப்பை ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழ், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக வைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், கருவாடு, அப்பளம், பாக்கெட் தீனி எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். உடல் எடையைக் குறைப்பதும், மருத்துவர் அனுமதித்த அளவு தினமும் நடப்பதும் உண்மையான பலன் தருகின்றன.

நீர் கோத்திருந்தால் நீர் பிரியும் மாத்திரை தருவார்கள். சர்க்கரைக்கென்று வந்த எம்பாகிளிஃப்ளோசின், டபாகிளிஃப்ளோசின் என்ற மருந்துகள், ஈ.எஃப். குறையாத இதயச் செயலிழப்பிலும் மருத்துவமனையில் மீண்டும் சேர வேண்டிய நிலையைக் குறைக்கின்றன என்று 2021, 2022 ஆய்வுகள் காட்டின. டபாகிளிஃப்ளோசினுக்கு இந்தியாவில் காப்புரிமை 2020இல் முடிந்தபின் பல கம்பெனிகள் தயாரிப்பதால் விலை இறங்கியிருக்கிறது. "எனக்கு இது பொருந்துமா?" என்று மருத்துவரிடம் கேட்கலாம், மெடிக்கல் கடையில் தானாக வாங்கிப் போடக் கூடாது.

ரமளானில் நீர் மாத்திரையையும் மேற்சொன்ன மருந்துகளையும் ஸஹருக்கும் இஃப்தாருக்கும் நாமாகவே மாற்றிக்கொள்வது ஆபத்து. உடலில் நீர் வற்றி மயக்கமும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம். நோன்புக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரைக் கேளுங்கள். வைக்க வேண்டாம் என்று அவர் சொன்னால், நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையை ஏற்றுக்கொள்வதில் குற்ற உணர்வு வேண்டியதில்லை. ஆலிம்களிடம் விளக்கம் கேட்டுக்கொள்ளலாம்.

இதயச் செயலிழப்பு என்று உறுதியானவர்கள் தினமும் காலையில், சாப்பிடும் முன் எடை பார்த்து எழுதி வையுங்கள். மூன்று நாளில் 2 கிலோ கூடினால், கூடியது சதையல்ல, நீர். உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். படுக்கவே முடியாமல் திணறினாலோ, நெஞ்சுவலி வந்தாலோ காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.

பரிசோதனைக்குப் போகும்போது

மலையில் இருப்பவர்கள் எக்கோவுக்காகத் திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என்று இறங்க வேண்டியிருக்கிறது. ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் வீணாகாமல் இருக்கச் சில குறிப்புகள்.

மார்பின் மேல் எடுக்கும் சாதாரண எக்கோவுக்கு வெறும் வயிறு தேவையில்லை. வழக்கமான மாத்திரைகளை, மருத்துவர் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், போட்டுக்கொண்டே போகலாம். பழைய எக்கோ, இ.சி.ஜி. அறிக்கைகள், மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் கொண்டுபோங்கள். போன ஆண்டு அளவோடு ஒப்பிட்டால்தான் மாற்றம் தெரியும். உயரம், எடை, அன்றைய ரத்த அழுத்தம் மூன்றும் அறிக்கையில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அழுத்தம் 180 இருந்த நாளின் எக்கோவும் 130 இருந்த நாளின் எக்கோவும் ஒரே மாதிரி இருக்காது.

இடப்பக்கம் சாய்ந்து படுக்கவைத்து, மார்பில் ஜெல் தடவி எடுப்பார்கள். வலி இல்லை. ஆடையைச் சற்று விலக்க வேண்டியிருப்பதால் நம் பெண்கள் பலர் வரவே மறுக்கிறார்கள். பெண் ஊழியர் எடுக்க வேண்டும் என்றோ, முடியாவிட்டால் பெண் உதவியாளர் கூட இருக்க வேண்டும் என்றோ, மேலே போர்த்திக்கொள்ளத் துணி வேண்டும் என்றோ கேட்பது நியாயமான கோரிக்கை. தயங்காமல் கேளுங்கள். மகளோ மருமகளோ கூடப் போனால் பெரியவர்களுக்குத் தெம்பாக இருக்கும்.

அறிக்கை கைக்கு வந்ததும் மருத்துவரிடம் நான்கு கேள்விகள் போதும். இதயம் சுருங்குவது எப்படி இருக்கிறது? விரிந்து நிரம்புவது எப்படி? மேலறை வீங்கியிருக்கிறதா? இவருக்கு இருக்கும் மூச்சுத்திணறலுக்கு இதுதான் காரணமா?

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குக் கீழ் உள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை அதில் சிகிச்சை பெறலாம். அட்டைக்கு விண்ணப்பிக்கவோ, அறிக்கையைக் காட்டி எந்த மருத்துவமனைக்குப் போகலாம் என்று கேட்கவோ உதவி தேவைப்படுபவர்கள், ஜும்ஆ தொழுகைக்குப் பின் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், கூட இருந்து செய்து தருகிறோம்.